வாடகை ஆறாயிரம், சாதி தனி

சென்னையில் வாடகை கட்டி மாளாத என் நண்பர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளாக ஒரே யோசனையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: "ஊர்ப்பக்கம் போயிடலாம்." வேலை லேப்டாப்பில் இருக்கிறது, லேப்டாப் சோழிங்கநல்லூரில் இருந்தால் என்ன, நாமக்கல்லில் இருந்தால் என்ன? இங்கே ஒற்றைப் படுக்கையறைக்குக் கொடுக்கிற பணத்தில் அங்கே மாடி வீடும் மொட்டை மாடியும் வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும். மிச்சம் பிடித்தால் பத்து வருடத்தில் ஒரு மனையே வாங்கிவிடலாம். அரசும் இதே திசையில்தான் நகர்கிறது. 2024-இல் விழுப்புரம், சேலம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. வேலை ஊரைத் தேடி வருகிறது, இளைஞர்கள் ஊரிலேயே இருக்கலாம் என்கிறார்கள்.

நல்ல யோசனைதான். கணக்கும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்த ஊர் பரமத்தி வேலூர்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில், காவிரிப் பாலத்துக்கு முன்னால் இருக்கிற ஊர் அது. பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். ஆற்றோரம் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும். வாழைத்தார் ஏலச் சந்தை. நாமக்கல்லுக்கும் கரூருக்கும் எந்நேரமும் பஸ் உண்டு. நான் பிறந்த கிராமம் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள். அம்மாவும் தம்பியும் அங்கேதான், அருந்ததியர் தெருவில், ஒன்றரை சென்ட் இடத்தில் கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் கொடிக்கால் வேலைக்கோ கரும்பு வெட்டுக்கோ போகாத வீடு கிடையாது. வேலூர்ச் சந்தையும் வேலூர் பஸ் நிலையமும் எங்களுக்குப் பழக்கப்பட்டவை. அங்கே உழைத்திருக்கிறோம், வாங்கியிருக்கிறோம், விற்றிருக்கிறோம். குடியிருந்ததில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஆய்வு உதவித்தொகை ஐந்து ஆண்டோடு நின்றுவிட்டது. ஆய்வேட்டில் இன்னும் இரண்டு அத்தியாயங்கள் பாக்கி. இணையர் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். மேடவாக்கத்தில் நாங்கள் இருக்கிற வீட்டுக்கு வாடகை பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு, கோடையில் தண்ணீர் லாரிக்குத் தனி. வேலூரில் இரண்டு படுக்கையறை மாடி வீடு ஆறாயிரம் என்றார்கள். ஆய்வேட்டை அங்கே உட்கார்ந்து முடிக்கலாம். அம்மாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். போன மே மாதம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு தேடப் போனோம்.

"ஊருக்குள்ளாரயா?"

முதல் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். "வாங்க தம்பி, பாருங்க" என்று வீட்டுக்காரரே சாவியோடு வந்தார். பிஎச்டி என்றதும் முகம் மலர்ந்தது. குழாயைத் திறந்து காட்டினார், மோட்டார் சுவிட்சைக் காட்டினார், சமையலறை மேடையைத் தட்டிக் காட்டினார். பிறகுதான் கேட்டார்: "உங்களுக்கு எந்த ஊருங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, நம்ம பக்கந்தான். ஊருக்குள்ளாரயா?"

"இல்லீங்க. கிழக்கால தெரு."

அவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. "வீட்ல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க தம்பி" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். போன் வரவில்லை. கொங்குத் தமிழின் அந்த 'ங்க' கடைசி வரை குறையவில்லை. மறுப்பும் மரியாதையோடுதான் வந்தது.

இரண்டாவது வீட்டில் கேள்வி நேராகவே வந்தது: "என்ன கூட்டமுங்க?" கொங்குப் பகுதியைச் சேராத தோழர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் கூட்டம் என்பது கொங்கு வேளாளர்களுக்குள் இருக்கும் குலப் பிரிவு. அந்தச் சாதியில் பிறந்தவர் உடனே ஒரு பெயரைச் சொல்வார். மற்றவர்கள் ஒரு நொடி தயங்குவார்கள். அந்தத் தயக்கம் போதும். அடுத்து குலதெய்வம் எங்கே என்றார். அதற்கும் அடுத்து, "நேத்துத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டமுங்க" என்றார். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை அப்போதும் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக ஒரு புரோக்கரைப் பிடித்தோம். அவர் நல்ல மனுசர். "அண்ணா, வெளிப்படையாச் சொல்லிடறேன், இந்த ஏரியா வேண்டாம். உங்களுக்கு வேற ஏரியா பாத்துத் தர்றேன்" என்றார். அவரிடம் இரண்டு பட்டியல் இருந்தது. இரண்டாவது பட்டியலில் வீடுகள் கம்மி. வாடகை மட்டும் கம்மியில்லை.

அன்று மாலை இணையர் ஒரு காரியம் செய்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம், பிற்படுத்தப்பட்ட சாதி ஒன்றில் பிறந்தவர். என்னிடம் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது என்று சொன்ன அதே வீட்டுக்கு அவர் மட்டும் போனார். அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசி, "வீடு இருக்கா?" என்றார். இருந்தது. "தஞ்சாவூருங்களா? நீங்க என்ன ஆளுங்க?" வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்கிறவரில்லை. அன்றைக்குச் சொன்னார். சாவி கைக்கு வந்தது. இருபதாயிரம் அட்வான்ஸ் பேச்சுவாக்கில் பதினைந்தாயிரமாக இறங்கியது. கடைசியில் வீட்டம்மா கேட்டார்: "வீட்டுக்காரரும் உங்க ஆளுங்கதானுங்களே?" அது கேள்வியாகக்கூட வரவில்லை. சொல்லி முடித்துவிட்ட விஷயத்தைச் சரிபார்ப்பதுபோல வந்தது.

"பேசிட்டுச் சொல்றேங்க" என்று திரும்பி வந்துவிட்டார்.

எடுத்திருக்கலாமே என்பவர்களுக்கு

அந்த வீட்டை எடுத்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யாருக்குத் தெரியப்போகிறது? நீ என்ன சாதி என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? நாங்களும் அன்று இரவு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நெற்றியில் எழுதியிருக்காது. ஆனால் பதினைந்து கிலோமீட்டரில் என் ஊர் இருக்கிறது. சந்தைக்கு வருகிற யாராவது ஒருவர் "இவன் இன்னார் மகனாச்சே" என்றால் போதும். அதைவிட, என் அம்மா அந்த வீட்டுக்கு எப்படி வருவார்? அவர் படியேறும்போது கீழ் வீட்டில் "எந்த ஊருங்க அம்மா?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். கரும்புக் காட்டில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்த அம்மாவுக்கு, அறுபது வயதில், தன் தெருவை மறைக்க நான் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் அந்த ஊருக்கே போக நினைத்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இது நாமக்கல் மாவட்டம். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று இதே மாவட்டத்தின் திருச்செங்கோடு மலைக்கோயிலில் உடன்படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. தண்டனை வந்தது சரி. ஆனால் ஒரு தலித் இளைஞன் யாரோடு உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அந்தப் பத்துப் பேருடையவை மட்டும்தானா? சாதி மறுப்புத் திருமணம் செய்த இருவர், சாதியை மறைத்து, சிறு நகரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருப்பது வெறும் சங்கடம் சம்பந்தப்பட்ட விஷயமில்லை.

வேறு பெயரில் ஒரு வீட்டில் தங்கிப் பார்த்தவர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகைக் காலம் முடிந்து, 1917-இல் அண்ணல் அம்பேத்கர் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். அந்த சமஸ்தானத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தம். வேலை இருந்தது, வீடு இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துவிட்டுத் தங்கினார். பதினோராம் நாள் காலை கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னது. இந்து நண்பர் ஒருவரிடமும் கிறித்தவ நண்பர் ஒருவரிடமும் இடம் கேட்டார். இருவரும் நாசூக்காகக் கைவிரித்தார்கள். பரோடாவின் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

இந்தச் சம்பவத்தை நாம் அவமானத்தின் கதையாகவே படிக்கிறோம். அதை ஒரு வீட்டுப் பிரச்சினையாகவும் படிக்க வேண்டும். உலகத்தரமான படிப்பும் அரசாங்க வேலையும் சம்பளமும் இருந்தும் சிறிய ஊரில் ஒரு அறை கிடைக்காததால் ஒருவர் பெருநகரத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவருக்குப் பம்பாய் கட்டுப்படியானதா என்று யாரும் கேட்கவில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

நகரம் மட்டும் யோக்கியமா?

இதைப் படிக்கிற சிலர் "அப்போ சென்னையிலேயே இருங்க, அங்கே சாதி பார்க்கிறதில்லை" என்பார்கள். அதுவும் பொய். மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் வீடு தேடியவர்களுக்கு "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்ற கேள்வி பழக்கமானது. அங்கே சாதியைத் தட்டிப் பார்க்கும் கோல் சாப்பாடு. வேலூரில் அந்தக் கோல் உதவாது. ஏனென்றால் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை கோழிதான் சாப்பிடுகிறார். அதனால் அங்கே தெரு, கூட்டம், குலதெய்வம். கோல்தான் வேறு.

சென்னை இன்னொன்றையும் செய்திருக்கிறது. நாங்கள் இருக்கும் மேடவாக்கத்தை அடுத்து பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்களை அடுக்குமாடிகளில் கொண்டுவந்து வைத்திருக்கும் இடம். அதற்கு முன்பே 2000-இலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி. அங்கே கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நகரத்தை விட்டுப் போவது ஐடி ஊழியருக்கு வாழ்க்கைத் தேர்வு. அவர்களுக்கு அரசு லாரியில் ஏற்றி அனுப்பிய உத்தரவு.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இந்தியாவின் ஏழு பெரிய நகரங்களை ஆராய்ந்த திரினா விதயத்தில், காயத்ரி சிங் இருவரும் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பணக்காரர், ஏழை என்று மக்கள் பிரிந்து வாழ்வதைவிடச் சாதியாகப் பிரிந்து வாழ்வது இந்த நகரங்களில் அதிகம் என்பது அவர்கள் கண்டது. அந்த ஏழில் சென்னையும் ஒன்று. 2015-இல் சுகதேவ் தோரட்டும் அவர் குழுவினரும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோரை வைத்து ஆய்வு செய்து, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு எப்படி மறுக்கப்படுகிறது என்று காட்டினார்கள். நகரம் சாதியை ஒழிக்கவில்லை. ஆனால் நகரத்தில் ஒரு வசதி இருக்கிறது: நூறு வீடு கேட்கலாம். தொண்ணூறு மூடினாலும் பத்து திறக்கும். அந்தப் பத்துக்காகத்தான் கூடுதல் வாடகை கொடுக்கிறோம். வேலூர் அளவுள்ள ஊரில் ஒரு நேரத்தில் காலியாக இருப்பதே பத்துப் பதினைந்து வீடு. எல்லா வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நான்காவது வீட்டுக்கு நாம் போய்ச் சேர்வதற்குள் நம் சாதி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே என் கணக்கு இதுதான். சென்னையில் வாடகையைப் பணமாகக் கேட்கிறார்கள். சிறு நகரத்தில் பாதியைப் பணமாகவும் மீதியைச் சாதியாகவும் கேட்கிறார்கள். இரண்டாவது பாதியைக் கட்டக்கூடியவர்களுக்கு மட்டும் ஊர் மலிவு. "ஊர்ப்பக்கம் போயிடலாம்" என்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கள் பங்கைப் பிறந்தபோதே கட்டிவிட்டதால், அப்படி ஒரு கட்டணம் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

வரைபடம் போட்டது யார்?

வாடகை இல்லாவிட்டால் மனை வாங்கிக் கட்டு, அல்லது உன் தெருவிலேயே மாடி எடுத்துக் கட்டு என்று இன்னொரு யோசனையும் வரும். எங்கள் தெருவில் கட்டுகிற வீட்டுக்கும் அதே செங்கல்தான், அதே சிமெண்ட்தான், கொத்தனார் சம்பளமும் அதேதான். கட்டி முடித்த பிறகுதான் வித்தியாசம். அந்த வீட்டை வாங்க எங்கள் தெருவுக்கு வெளியே ஆள் கிடையாது. வாங்க ஆளில்லாத வீட்டுக்கு விலையும் கிடையாது, வங்கியில் மதிப்பும் கிடையாது. ஊருக்குள் ஒருவர் கட்டுகிற வீடு அவர் பிள்ளையின் படிப்புக்கும் தொழிலுக்கும் முதலாகிறது. எங்கள் தெருவில் கட்டுகிற வீடு கூரையாக மட்டும் இருக்கிறது. தலைமுறைச் சொத்து எப்படிச் சாதியாகப் பிரிகிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டாம்.

இந்த வரைபடத்தை ஊர் மட்டும் போடவில்லை, அரசும் சேர்ந்துதான் போட்டது. தலித்துகளுக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1978-இல் தனிச் சட்டம் வந்தது. நிலமில்லாத மக்களுக்கு மனை கிடைத்தது உண்மை. அதற்காகப் போராடியவர்களை மறக்கக் கூடாது. ஆனால் அந்த மனைகள் எங்கே எடுக்கப்பட்டன? ஊருக்கு வெளியே, ஏற்கெனவே இருந்த சேரிக்கு அடுத்து, அல்லது அதையும் தாண்டி. பட்டா கொடுத்த கையாலேயே அரசு எல்லைக்கோட்டையும் கிழித்தது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப் பலகை மாறும். வேலூர் வீட்டுக்காரர் பெயர்ப் பலகையைக் கேட்கவில்லையே, "ஊருக்குள்ளாரயா?" என்றுதானே கேட்டார்.

வேறு விதமாக யோசித்த ஒரு திட்டமும் இந்த மண்ணில்தான் வந்தது. 1997-இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து, மற்றவர்களுக்குப் பத்து. பக்கத்து வீட்டில் யார் இருப்பார் என்பதைச் சாதி தீர்மானிக்கக் கூடாது என்று ஓர் அரசு கொள்கையாகச் சொன்னது சின்ன விஷயமில்லை. அதன் குறை, அதுவும் புதிதாக ஒரு தனி இடத்தில் கட்டப்பட்டது என்பதுதான். பழைய ஊர் பழைய ஊராகவே இருந்தது. சமத்துவத்துக்கு ஒரு புரம் கிடைத்தது. ஊருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

சட்டம் இருக்கிறது, எங்கே இருக்கிறது?

எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ ஒருவரைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம். இது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவில் தெளிவாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் அடிப்படையில் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பன்னிரண்டாவது பிரிவு. இல்லை என்று நிரூபிப்பது எதிர்த் தரப்பின் வேலை. நல்ல சட்டம். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் நூறு ரூபாய்க்குக் குறையாமல் ஐந்நூறு ரூபாய்க்கு மிகாமல். அந்த ஐந்நூறைப் பார்த்தாலே இந்தச் சட்டத்தை எவ்வளவு காலமாக யாரும் தூசி தட்டவில்லை என்று புரியும்.

ஆனால் "அட்வான்ஸ் வாங்கிட்டமுங்க" என்ற மரியாதைக்கு எதிராக இந்தச் சட்டத்தை எப்படிப் பிடிப்பது? காவல் நிலையத்தில் எழுத்தர் என்ன கேட்பார்? "உங்களைத் திட்டினாங்களா? சாதி பேர் சொன்னாங்களா?" இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். குற்றவியல் சட்டம் காயத்தைத் தேடுகிறது. வீட்டு மறுப்பு காயம் தெரியாமல் செய்யப்படுகிறது.

மறுபக்கம், 2005-இல் குஜராத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தன் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் பத்தொன்பதாவது பிரிவு தருகிறது. அந்த உரிமை அரசின் முன்னால் நிற்கும். தனியார் கேட்டின் முன்னால் தொங்கும் அட்டையிடம் அதற்குப் பேச்சில்லை.

"என் வீடு, என் இஷ்டம்" என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. வாடகைக்கு அட்டை தொங்கவிட்ட நிமிடத்தில் அது வீடு என்பதோடு ஒரு கடையும் ஆகிவிட்டது. டீக்கடைக்காரர் "என் கிளாஸ், என் இஷ்டம்" என்று இரட்டைக் குவளை வைத்தபோது நாம் என்ன சொன்னோமோ, அதைத்தான் இங்கும் சொல்கிறோம்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், அமெரிக்காவில் வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்த அவர்கள் கண்ட வழி எளியது. ஒரே வருமானம், ஒரே வேலை என்று சொல்லும் இருவரை, ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும், அடுத்தடுத்து ஒரே வீட்டுக்கு அனுப்புவார்கள். பதில் வேறுபட்டால் அது சாட்சியம். உண்மையில் வீடு தேவைப்படாமல் சோதிக்கப் போனவருக்கும் வழக்குத் தொடுக்க உரிமை உண்டு என்று 1982-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களை அறியாமல் நானும் என் இணையரும் வேலூரில் செய்தது அந்தச் சோதனைதான். ஒரே வீடு, ஒரே நாள், இரண்டு பதில். வேறுபாடு என்னவென்றால், எங்கள் சாட்சியத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க இங்கே ஓர் அலுவலகம் இல்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. வேலையோடு வீட்டையும் அந்தத் தடையில் சேர்த்தது. சியாட்டிலில் ஒரு தமிழர் இன்னொரு தமிழருக்குச் சாதி பார்த்து வீடு மறுத்தால் நகர நிர்வாகத்திடம் முறையிடலாம். வேலூரில் எங்கே போவது?

கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் என்று அமைப்புகளும் இருக்கின்றன. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. சாதி, மதம், சாதி மறுப்புத் திருமணம் ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதை உரிமையியல் தவறாக்கி, சோதனை முறையைச் சாட்சியமாக ஏற்று, இழப்பீடு வழங்கும் அதிகாரத்தை இதே அமைப்புகளுக்குக் கொடுக்கலாம். வீட்டுக்காரரைச் சிறைக்கு அனுப்புவது நம் நோக்கமில்லை. ஆறு மாத வாடகை இழப்பீடாகப் போகும் என்று தெரிந்தால் "பெரியவங்களைக் கேட்டுட்டு" என்கிற பேச்சு குறையும்.

இரண்டாவது, சிறு நகரங்களுக்கு வேலையைக் கொண்டுபோகிற அரசு, அந்த வேலைக்கு வருகிறவர்கள் குடியிருக்க வாடகை வீடுகளையும் கட்ட வேண்டும். ஊருக்கு வெளியே தனி இடத்தில் வேண்டாம். பேரூராட்சி எல்லைக்குள், பஸ் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில், கலந்த ஒதுக்கீட்டோடு கட்டட்டும். சமத்துவபுரத்தின் யோசனையை ஊருக்குள் கொண்டுவருவது என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாவது கோரிக்கை அரசிடம் இல்லை, உங்களிடம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற தோழர்களில் பலர் இடைநிலைச் சாதிகளில் பிறந்தவர்கள். சாதி ஒழிப்பு பேசுகிறவர்கள், கோகுல்ராஜுக்காகக் கண்ணீர் விட்டவர்கள், எங்கள் திருமணத்துக்கு வந்து முழக்கமிட்டவர்கள். உங்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. மேல் மாடி வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, அல்லது இந்த மாதம் காலியாகிறது. அங்கே யார் குடிவர முடியும் என்று அப்பாவிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். சண்டை வரும். வரட்டும். நாங்கள் எங்கள் திருமணத்துக்காகப் போட்ட சண்டையைவிட அது பெரியதாக இருக்காது.

நாங்கள் இன்னும் மேடவாக்கத்தில்தான் இருக்கிறோம். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முடிந்திருக்கிறது, இன்னொன்று பாக்கி. ஐந்தாம் தேதி வாடகை. நாமக்கல், கரூர் பக்கம் உங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தால் சொல்லுங்கள். முன்பணம் தயாராக இருக்கிறது. எங்கள் ஊர், தெரு, பெயர் எல்லாம் முதல் போனிலேயே சொல்லிவிடுவோம். அம்மா வாரம் ஒருமுறை வருவார்.